கதிர் எடுத்த ஹம்மிங்பேர்ட் படம்

ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போது மெல்லிதாக ஒரு சத்தம் வரும்... காதுக்குள் கொசு புகுந்த மாதிரி. நான்கு ஃபிளாஷும் சேர்ந்து கத்தினால் பல் கூசும்.

தொண்ணூறுகளின் கடைசியில், டெக்சாஸ் பேர்லேண்டில், என் செப்டம்பர் சனிக்கிழமைகள் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கும்.

நானும் கதிரும் ஹூஸ்டனில் ஒரே ஆபீஸ். என்னிடம் இரண்டு ஃபிளாஷ், அவனிடம் இரண்டு. எல்லாமே செகண்ட்ஹேண்ட். ஹம்மிங்பேர்ட் என்ற, பூவில் தேன் குடிக்கும் குட்டிக் குருவியைப் பறக்கும்போது படம் பிடிக்க நான்கும் வேண்டும். அதன் இறக்கை அடிக்கும் வேகத்தை எங்கள் கேமராவின் ஷட்டரால் நிறுத்த முடியாது. ஆனால் ஃபிளாஷின் பவரை நன்றாகக் குறைத்தால், வெளிச்சம் சட்டென்று மின்னி அணைந்துவிடும். அந்த மின்னலில் இறக்கை அப்படியே உறைந்து நிற்கும். பவர் குறைந்தால் ஒரு ஃபிளாஷ் எங்கே போதும்? பூவுக்கு முன்னால் இரண்டு, மேலே ஒன்று, பின்னால் வைத்த நீல அட்டைக்கு ஒன்று.

இடம் கதிர் வீட்டு பேக்யார்ட். அவன் மனைவி வசந்தி வேலி நெடுக சிவப்புப் பூச்செடி வைத்திருந்தாள். அவளுக்கு எச்-ஃபோர் விசா. வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. பகலெல்லாம் அந்தக் குருவிகள்தான் துணை. சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சி, அவை குடிக்கத் தொங்கவிட்ட ஃபீடரில் ஊற்றுவதும் அவள்தான்.

செப்டம்பரில் அவை டெக்சாஸை ஒட்டிய வளைகுடாக் கடலைத் தாண்டித் தெற்கே போகும். நடுவில் உட்கார இடம் கிடையாது. அதனால் கிளம்புவதற்கு முன் விடாமல் குடித்து உடம்பை ஏற்றிக்கொள்ளும். கட்டைவிரல் அளவுதான் உயிர்.

"பாவம் அண்ணா, நிம்மதியா ஒரு வாய் குடிக்கிறதில்ல. எப்பப் பாரு சண்ட" என்பாள்.

இரண்டு செப்டம்பர் முயன்றோம். ஸ்லைடு ஃபிலிம். லேபிலிருந்து வரும்வரை என்ன விழுந்திருக்கிறது என்றே தெரியாது. வந்தால் வால் மட்டும் இருக்கும்... இல்லையென்றால் வெறும் பூ. விழுந்து விழுந்து சிரிப்போம்.

அடுத்த வருடம் கதிர் ஒரு கேமரா கிளப்பில் சேர்ந்தான். அங்கே போட்டி. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. போட்டிக்கு முந்தின செப்டம்பரில் ஒரு வாரம் எனக்கு ஆபீஸில் தலைக்குமேல் வேலை, அவன் வீட்டுக்குப் போக முடியவில்லை. என் ஃபிளாஷ்கள் அவன் வீட்டில்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸுக்கு ஃபோன். வசந்தி. அதற்கு முன் அவள் என்னை ஆபீஸில் கூப்பிட்டதே இல்லை.

"அண்ணா, கொஞ்சம் உடனே வர முடியுமா? இவரு லீவு போட்டுட்டு ஒரு குருவிய பேட்டியோக்குள்ள விட்டு மூடிட்டாரு. காலைலேர்ந்து அது வலையில போய் முட்டிக்கிட்டே இருக்கு. ஃபீடர் எல்லாத்தையும் கழட்டிட்டாரு. நான் சொன்னா கத்துறாரு அண்ணா..."

ஃப்ரீவேயில் எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கொசுவலை அடித்த தாழ்வாரம்தான் பேட்டியோ. நடுவில் ஒரே ஒரு பூ, சுற்றி நான்கு ஃபிளாஷ். பசித்தால் அந்தப் பூவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? வந்தால் அதற்குள் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர். அவ்வளவுதான் அவன் கணக்கு. குருவி வலையில் முட்டுகிறது, பூவுக்கு வருகிறது, நான்கும் மின்னுகின்றன, மறுபடியும் முட்டுகிறது. அதில் இரண்டு என் ஃபிளாஷ்.

"என்னடா பண்ற?"

"கத்தாதடா. இப்பதான் கரெக்டா வருது. இந்த ரோல் முடிஞ்சதும் விட்டுடறேன்."

"கதவத் தொற."

"ஒரு குருவிடா இது! வெளிய நூறு சுத்துது!"

நானே கதவைத் திறந்தேன். என் ஃபிளாஷ்களின் ஒயரைப் பிடித்து இழுத்ததில் ஸ்டாண்ட் சரிந்தது. ஆனால் குருவி வெளியே போகவில்லை. சுவரோரம் சிமெண்ட் தரையில் விழுந்து, இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

வசந்தி அதைக் கையில் எடுத்தாள். ஸ்பூனில் சர்க்கரைத் தண்ணீரை அலகருகே பிடித்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கை மட்டும் ஆடவில்லை. அப்புறம் நூல் மாதிரி நாக்கு வெளியே வந்தது.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம்... கதிர் ஃபிலிமை ரீவைண்ட் பண்ணிக்கொண்டிருந்தான்.

"அந்த ரோல லேபுக்குக் குடுத்தேன்னா என் மூஞ்சில முழிக்காத" என்றேன்.

கொடுத்தான். முதல் பரிசும் வாங்கினான்.

குருவி வேலிவரை பறந்தது, கொஞ்சம் உட்கார்ந்தது, போய்விட்டது. கடலைத் தாண்டியதா என்று யாருக்குத் தெரியும்? என் இரண்டு ஃபிளாஷோடு நான் வந்தேன். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

போன வாரம் பழைய ஹூஸ்டன் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறான். மேலே ஒரு வரி: "ஃபிலிம் காலத்துப் பொறுமை!" கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருவர் எழுதுகிறார், "அந்தக் கண்ணுல என்ன ஒரு அமைதி!"

அமைதியா? பசியில் சொருகிய கண் சார் அது!

நடந்ததை அப்படியே எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குழுவின் அட்மின் அதைத் தூக்கிவிட்டார். "பாசிட்டிவான விஷயம் மட்டும் பேசுவோமே, ப்ளீஸ்." அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்கு இந்தப் படத்துக்கு ஃபிளாஷே தேவையில்லை. நல்ல வெயிலும் புதுக் கேமராவும் போதும், கேமராவே இறக்கையை நிறுத்திவிடுகிறது. இன்னொருவன் வீட்டுக்குப் போய்ப் பாதி சாமானை வைத்துக்கொண்டு காத்துக்கிடக்க வேண்டாம். சௌகரியம்தான். ஆனால் வெறும் பூ விழுந்த ஸ்லைடைப் பார்த்து அப்படிச் சிரிக்க இப்போது எனக்கு ஆள் இல்லை... அதற்கும் சேர்த்துத்தான் அவன்மேல் கோபம்.

அட்மின் அதைத் தூக்கிய அன்று சாயங்காலம் வசந்தியிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது.

"அவங்க டெலிட் பண்றதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன் அண்ணா. இவருகிட்ட சத்தமா வாசிச்சும் காட்டிட்டேன்."