துளை கரைகிறது என்றாள் நிர்மலா

சனிக்கிழமை தைப்பிங்கில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தேன். வெளியே வழக்கமான மழை. நிர்மலாவின் கணவர் குமார் கைப்பேசியில் அழைத்து, "அக்கா, நிர்மலா போயிட்டா. ஹார்ட் அட்டாக்" என்றார். முந்தின நாள்தான் ஈப்போவில் எங்கள் ஆய்வகத்தில் என்னோடு சண்டை போட்டிருந்தாள். நான் நம்பவில்லை.

அவளை அறிந்தவர்களுக்கு அவள் வேலையும் தெரியும். சிலிக்கான் நைட்ரைடு படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நானோ துளை, இருபுறமும் உப்புக் கரைசல், நடுவே மின்சாரம். டிஎன்ஏ இழை துளைக்குள் நுழைந்தால் மின்னோட்டம் குறையும். ஆனால் அந்தக் கரைசலே படலத்தை அரித்துத் துளையைப் பெரிதாக்கிவிடும்; துளை பெரிதானால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்க ஒரு மெல்லிய பூச்சைக் கண்டுபிடிப்பதில்தான் அவளுடைய இத்தனை வருடமும் போனது. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். 'எஸ்டேட் பிள்ளையின் சாதனை' என்று யாராவது எழுதினால் எரிந்து விழுவாள். "பூச்சு தாங்குச்சான்னு கேளுங்கலா, எங்க பொறந்தேன்னு எதுக்கு?" என்பாள்.

எங்கள் கட்டடத்தில் சனி, ஞாயிறு ஏர்கானை அணைத்துவிடுவார்கள். ஒருமுறை வாரக்கடைசியில் ஏறிய மின்னோட்டம் திங்கட்கிழமை இறங்கியிருந்தது. துளை தானாகவே சரியாகிவிட்டது என்று நான் குதித்தேன். "அக்கா, ஓட்டை சனிக்கிழமை பெருசாகி திங்கக்கிழமை சின்னதாகுமா? ரூம் சூடாச்சு, தண்ணி சூடாச்சு, கரண்டு கூடுச்சு. அவ்ளோதான்லா." அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெப்பமானியோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சூட்டைக் கழித்த பிறகும் மின்னோட்டம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. கொஞ்சம்தானே, ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "கரையுதுன்னா கரையுதுன்னு மொதல்லயே எழுதுங்க." எங்கள் சண்டைகள் எல்லாம் இதைப் பற்றித்தான்.

அவள் போனபோது படலம் பதித்த கடைசிச் சில்லு கரைசலில் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சில் அவள் செய்த கடைசி மாற்றம் அதில்தான் இருந்தது. திங்கட்கிழமை ஆய்வகம் நன்றாகக் குளிரும்வரை காத்திருந்து பார்த்தேன். மின்னோட்டம் இறங்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் குளிரட்டும் என்று உட்கார்ந்தேன். அப்போதும் இறங்கவில்லை. அங்கேயே அழுதேன்.

ஈப்போவில், சிலிபின் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது குமார் என்னிடம் வந்தார். "அக்கா, அவ பூச்சு தாங்கிருச்சா?"

ஆமாம் என்று வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வரும்.

"இல்ல தம்பி. முன்னத்தவிட ரொம்ப நாளு தாங்குச்சு. ஆனா கரைஞ்சிருச்சு."

அவர் தலையாட்டினார். "வெள்ளிக்கிழம ராத்திரியே சொன்னா அக்கா, இதுவும் போகுதுன்னு. 'அக்காகிட்ட கேட்டா நல்லாத்தான் இருக்குன்னு சொல்வாங்க, நம்பிடாதீங்க'ன்னு சிரிச்சா."

அவள் சண்டை போட்டே எனக்குள் ஏற்றிய, உள்ளதை உள்ளபடி சொல்லும் பழக்கம் இனி என்னிடம் இருக்கும். என்னைப் பற்றி அவள் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. அதைச் சொல்லிச் சண்டை போடத்தான் ஆள் இல்லை.