பதினோராம் கிழமை

2009 தைப்பொங்கலுக்கு வந்த படம் மூன்றே நாளில் பழைய சாதனைகள் எல்லாவற்றையும் முறியடித்துவிட்டதாக, எங்கள் பொருட்கிடங்கில் கணினி பார்க்கும் சென்னைக்காரர் சொன்னார். லண்டனில் இத்தனை, மலேசியாவில் இத்தனை என்று வெள்ளி, சனி, ஞாயிறு வசூலை ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருந்தார். இங்கே ரொறன்ரோவில் எத்தனை கிழமை ஓடும் என்று கேட்டேன். கிழமை என்று நான் சொல்வது வாரத்தை என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்பல்லாம் ஓடுற நாள யாரு சார் பாக்குறா? மூணு நாள் வசூல். அதோட கதை முடிஞ்சுது.”

என் அக்காவுக்கு அங்கேதான் கதை தொடங்கும்.

அக்கா படம் பார்த்ததைவிடப் படத்தை எண்ணியது அதிகம். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், பேப்பரில் வரும் ‘வெற்றிகரமான ஐம்பதாவது நாள்’ விளம்பரங்களை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டுவாள். ஆனால் விளம்பரத்தை நம்பமாட்டாள். ஐம்பதைத் தொடவேண்டும் என்பதற்காக வெறுங்கதிரைகளுக்குப் படம் காட்டும் முதலாளிகளை அவளுக்குத் தெரியும். அதனால் என்னைத் தியேட்டர் வாசலுக்கு அனுப்புவாள். எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று நான் எண்ணிவந்து சொல்லவேண்டும். பத்துக்குக் குறைந்தால் அந்த நாளைப் பென்சிலால் கோடு கீறி வெட்டிவிடுவாள். அவளுடைய நாயகனின் படமென்றாலும் வெட்டுத்தான். அப்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

பிறகு நான் இங்கே வந்தேன். அவள் கல்யாணம் கட்டி வன்னிக்குப் போனாள். படம் பார்க்க வழியில்லாத இடத்தில் இருந்துகொண்டு, எத்தனை கிழமை, எவ்வளவு சனம் என்று கடிதத்தில் கேட்பாள். எட்டு வருடத்துக்கு முன்னர், அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாத மற்ற நாயகனின் படமொன்று எங்கள் பக்கத்துத் தமிழ்த் தியேட்டரில் பதினொரு கிழமை ஓடியது. சைக்கிளுக்குப் பதிலாகக் கார்களை எண்ணி எழுதினேன். அவளால் ஒரு கிழமையைக்கூட வெட்ட முடியவில்லை. உவன்ரை பதினொண்டை எங்கடையாள் ஒருநாள் முறிக்கவேணும் என்று பதில் போட்டிருந்தாள். அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்குமான ஒரு பகை. வேறு யாருக்கும் தெரியாத, யாரையும் நோகடிக்காத பகை.

பொங்கல் படம் அவளுடைய நாயகனுடையது. மூன்றாம் கிழமையில் அவளுடைய அழைப்பு வந்தது. யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசி, செயற்கைக்கோள் வழியாகப் பேசுவது. பின்னால் வரிசையில் சனம் நிற்கிறது என்றாள். ஐந்தாவது தடவையாக இடம் மாறியிருக்கிறார்கள், அத்தானும் மகளும் பக்கத்தில் நிற்கிறார்கள், பதுங்குகுழிக்குள் தண்ணீர். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“படம் வந்திட்டுதே?”

“ஓம் அக்கா. மூண்டாம் கிழமை.”

“சனம்?”

“கார் விட இடமில்லை.”

“பதினொண்டைத் தாண்டட்டும். நான் திருப்பிக் கோல் எடுப்பன். சரியா எண்ணி வை.”

தொடர்பு அறுந்தது. அதன் பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை.

நான் ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறையில் தனியே இருந்தேன். தனியே இருப்பவன் எதையாவது எதோடாவது முடிச்சுப் போட்டுக்கொள்வான். படம் ஓடும்வரை அக்கா இருக்கிறாள். இப்படி ஒரு முடிச்சு. யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே விழுந்தது. விழுந்த பிறகு அவிழ்க்க முடியவில்லை.

ஏழாம் கிழமை ஞாயிறு, பனியில் பன்னிரண்டு கார்கள். எட்டாம் கிழமை ஞாயிறு, இரண்டு. ஊரில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது இங்கே யார் படத்துக்குப் போவார்கள்? எல்லோரும் நகர நடுவில் பதாகையோடு நின்றார்கள். சனிக்கிழமைகளில் நானும் நின்றேன். ஞாயிறுகளில் பேருந்து ஏறித் தியேட்டருக்குப் போனேன். ஞாயிறு காட்சிக்குப் பத்து ரிக்கெற்றாவது போனால்தான் அடுத்த கிழமையும் அதே படம், இல்லையென்றால் வெள்ளியோடு மாற்றிவிடுவேன் என்று முதலாளி அண்ணை சொல்லியிருந்தார். அந்த எட்டாம் கிழமை பத்து ரிக்கெற்றையும் நானே எடுத்தேன். நண்பர்கள் பின்னால் வருகிறார்கள் என்று புளுகினேன்.

ஒன்பதாம் கிழமை, அண்ணையின் கார் மட்டும் நின்றது. உள்ளே நான் மட்டும். சூட்டைக் குறைத்துவிட்டார்கள் போலும், ஜாக்கெற்றைக் கழற்ற முடியவில்லை. ஒரு வரிசையில் பத்துக் கதிரைகளையும் விரித்து, ஒன்றில் அமர்ந்து, மற்ற ஒன்பதிலும் ஒவ்வொரு ரிக்கெற்றாக வைத்தேன். கையை எடுத்ததும் கதிரைகள் படாரென்று மடங்கின. ரிக்கெற்றுகளை விழுங்கின. குனிந்து தேடி எடுத்து மறுபடி வைத்தேன். முதல் கிழமை விசிலடியில் காதில் விழாத வசனங்கள் எல்லாம் இப்போது துல்லியமாகக் கேட்டன. கேட்காமலே இருந்திருக்கலாம். திரையில் நாயகன் கையை உயர்த்தி, கைதட்டலுக்கென்று கொஞ்சம் பொறுத்து நிற்பார். அந்த இடைவெளியில் கூரையில் பனி சறுக்கும் ஓசை கேட்டது. பாவமாக இருந்தது. ஒருதரம் நான் தட்டினேன். இரண்டு கைதான். கைதட்டல் போலவே இல்லை, யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது.

பத்தாம் கிழமையும் அப்படியே போனது. மேல்வீட்டு அன்ரி குடும்பத்தோடு ஞாயிறுதோறும் தங்கள் வான் வண்டியில் ஊர்வலத்துக்குப் போவா. எனக்கும் ஓர் இடம் இருக்கும். நான் வேலை என்று சொல்லித் தப்பிவிடுவேன். ஒருநாள் படியில் மறித்தா.

“ஞாயிறெண்டால் உங்களுக்கு மட்டும் என்னண்டு தம்பி வேலை வருது? அந்தத் தியேட்டர் வாசலிலயோ வேலை?”

சுவரோடு ஒட்டி அவவைத் தாண்டி என் அறைக்கு இறங்கினேன். 

பதினோராம் கிழமை ஞாயிறு. பழைய சாதனையைத் தொட்டாயிற்று. இன்னும் பத்து ரிக்கெற் எடுத்தால் பன்னிரண்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அண்ணை ரிக்கெற் கிழிக்கக் கையை அசைக்கவில்லை.

“எத்தினை பேர் தம்பி?”

“பத்து ரிக்கெற் அண்ணை.”

“ரிக்கெற்றைக் கிழிச்சுத் தாறது நான்தானே. ஆளைக் கேட்டனான்.”

அப்போதுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அக்கா, சைக்கிள்கள், மற்றவனின் பதினொன்று, அறுந்த அழைப்பு. அவர் கேட்டுக்கொண்டே மேசையில் கிடந்த ரிக்கெற் கட்டுக்கு றப்பர் பாண்ட் போட்டார். தன் மனைவியின் ஆட்களும் அங்கேதான் என்றார். எத்தனை பேர் என்று சொல்லவில்லை.

“படம் ஓடுறதாலை ஆக்கள் தப்பமாட்டினம் தம்பி. இந்த நேரம் உதுக்கு வாசல் லைற் போடவே எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

வெளியே வந்து போஸ்டரைக் கழற்றினார். ஒரு மூலையை நான் பிடித்தேன்.

வைகாசியில் சண்டை முடிந்தது. வானொலி முடிந்தது என்றது. எங்கள் ஆட்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மேல்வீட்டு அன்ரி கதவடியில் ஒரு கிண்ணம் சோறு வைத்துவிட்டுப் படியேறிப் போனா. நான் தெரிந்த எண்களுக்கெல்லாம் எடுத்தேன். ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ‘பன்னிரண்டு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அவள் கேட்டால் அந்தப் பொய்யைத்தான் சொல்வதென்று இருந்தேன். கேட்பதற்கு அவள் இருக்கவேண்டும்.

ஆடியில் அவளுடைய அழைப்பு வந்தது. முகாமிலிருந்து. குரல் அவளுடையதுதான், ஆனால் தேய்ந்திருந்தது. மகள் இருக்கிறாள் என்றாள். அத்தான் இல்லை என்றாள். இரண்டு சொல். மகளுக்குச் செருப்பு வேண்டும், துடைக்கத் துவாய் வேண்டும். நான் எழுதிக்கொண்டேன்.  இனித் தொலைபேசியை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எத்தினை?” என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதமாகச் சொல்லிப் பழகிய பன்னிரண்டை விட்டுவிட்டேன்.

“பதினொண்டு.”

“சனம்?”

“ஏழாம் கிழமை வரைக்கும் இருந்தது.”

“பிறகு?”

“பிறகு நான்தான்.”

“நீ மட்டுமோ?”

“ஓம் அக்கா.”

 அவள் உதட்டைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது.

“அப்ப ஏழு,” என்றாள். “மிச்சத்தை வெட்டிவிடு.”

மற்றவனின் பதினொன்று அப்படியே நிற்கிறது. சென்னைக்காரரின் தாளில் எங்களுடைய படம்தான் முதலாவது. அன்று பின்னேரம், கிழமைகளை நான் குறித்துவந்த, சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி, மார்ச் மாதத்துப் பங்குனிப் பக்கத்தைப் புரட்டினேன். பென்சில் இல்லை, பேனாவால் வெட்டினேன். நாலு கிழமை. அந்த ஞாயிறுகளில் நான் எங்கே இருந்தேன் என்று இப்போது எந்தக் கொப்பியிலும் இல்லை.