அஞ்சு மணி அக்கா

குடிநீர் அலுவலகத்தின் புகார் எண்ணுக்கு அழைத்து, கைப்பேசியை மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருக்கிறார் அக்கா. “ஒன்றை அழுத்தவும்” என்கிறது ஒரு குரல். அவர் எதையும் அழுத்துவதில்லை. குழாயில் தண்ணீர் ஒழுங்காகத்தான் வருகிறது, புகார் சொல்ல ஒன்றும் இல்லை. எதையும் அழுத்தாமல் இருப்பவரை அந்தக் குரல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். “வழி தெரியாதவங்க எல்லாரும் இப்படித்தான் பேசாம நிப்பாங்க. அவங்களை எங்க கொண்டுபோய் விடறாங்கன்னு பாக்கறேன்” என்பார். குரல் கேட்டதையே திரும்பக் கேட்டுவிட்டுத் துண்டித்துக்கொள்கிறது. “போன வாரத்துக்கு இந்த வாரம் இதுக்குப் பொறுமை குறைஞ்சிடுச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்வதுபோலச் சொல்கிறார். பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற கணவர் செய்தித்தாளைவிட்டுத் தலையெடுக்காமல், “உன்கிட்ட மாட்டினா யாருக்கும் குறையும்” என்கிறார்.

நாளுக்கொரு அலுவலகம். இன்று குடிநீர், நாளை மின்சாரம், மறுநாள் ஓய்வூதியம். சட்டமன்றத்துக்குக் கிளம்பும் முன் இந்தப் பூசை ஒன்று முடிந்தாக வேண்டும்.

அரசியலுக்கு வருமுன் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பகலெல்லாம் ஊராரின் அவசரத்தைக் கேட்டவர். அந்தக் காலத்தில் ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. அந்தப் பக்கம் அழுகிறவர்களுக்கு, “இருங்க, எடுப்பாங்க” என்று இவர்தான் பொய் சொல்லிக்கொண்டிருப்பார். தேர்தலில் ஜெயித்து அவைக்குள் போனதும் கொண்டுவந்த முதல் சட்டம் அதைப் பற்றியதுதான்: அவசர அழைப்புக்கு ஐந்து மணி அடிப்பதற்குள் பதில் கிடைத்தாக வேண்டும், இல்லையேல் தண்டனை. மிரட்டினார், கெஞ்சினார், எதிர்க்கட்சிக்காரர் வீட்டு வாசலில்கூடப் போய் உட்கார்ந்தார். நிறைவேற்றிவிட்டார். அன்றிலிருந்து தொகுதியில் அவருக்குப் பெயர் அஞ்சு மணி அக்கா. விவரம் தெரியாத புது ஆட்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அவர் பார்க்கக் கிடைப்பார் என்று நினைத்து வந்து நிற்பதுண்டு. “வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். பெயர் வந்த கதையைச் சொல்லமாட்டார்.

மசோதா எதுவானாலும் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். மற்றவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள். ‘வாகனம்’ என்றால் எது, ‘ஓட்டுநர்’ என்றால் யார், ‘கையொப்பம்’ என்றால் எந்தக் கை? பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். புதுக் கருவி எது வந்தாலும் வாங்கிப் பழகிவிடுகிறவர்தான். “மெஷின் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அது வளர்ற பிள்ளை. வளர்ற பிள்ளைக்குப் பழைய சட்டையை மாட்டிவிட்டு, பட்டன் தெறிச்சா பிள்ளையைத் திட்டறோம்” என்று அவையில் ஒருமுறை பேசினார். கருவிகளைத் தொடும் சட்டம் எதுவானாலும் அதற்கு ஒரு காலாவதித் தேதி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் பிடிவாதம். “இருமல் மருந்துக்குப் போடறோம். சட்டத்துக்குப் போட்டா என்ன? தேதி வந்தா எடுத்துப் பாக்கட்டும். நல்லா இருந்தா வச்சுக்கட்டும், கெட்டுப்போயிருந்தா கொட்டட்டும்.” கட்சிக் கொறடா சிரித்தார். “உள்ள வேலையே முடியல. இதுல பழசையெல்லாம் வேற முகர்ந்து பாக்கணுமா?” அவை முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்துவைத்தார். சிரிக்காவிட்டால் அடுத்த முறை பேச விடமாட்டார்கள்.

அக்காவுக்குத் துணி தைத்துக்கொடுக்கும் பெண்ணின் வீட்டில் ஒரு சாவு விழுந்தது இதற்கெல்லாம் பிறகுதான்.

தையற்காரப் பெண்ணின் கணவனுக்கு ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போயிருந்தது. நடமாட்டம் இருந்தது, நாக்குதான் புரளவில்லை. அன்று மத்தியானம் அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். வீட்டில் தனியாக இருந்தவனுக்கு மறுபடியும் வந்தது. அறிவு தெளிவாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆம்புலன்ஸ் எண்ணைச் சரியாக அழுத்தியிருக்கிறான். எடுத்தது ஆள் அல்ல. அந்தச் சேவையை ஏற்று நடத்தும் நிறுவனம் ஆட்களை எடுத்துவிட்டு, பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லும் இயந்திரத்தை வைத்து வெகுநாள் ஆகியிருக்கவில்லை.

அவையின் விசாரணைக் குழுவில் அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். போடச் சொல்லிக் கேட்டவர் அக்காதான். தையற்காரப் பெண் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் மூச்சு. பிறகு வாய்க்குள்ளேயே உருண்டு வரும் ஒரு சொல். “மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்” என்றது இயந்திரம், நல்ல மரியாதையான குரலில். மறுபடியும் அதே சொல். மறுபடியும் மன்னிப்பு.

“தெருப் பேரைச் சொல்றாரு” என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். “எனக்குப் புரியுதே.”

அவளுக்கு மட்டுமல்ல. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். கடைசியில் இயந்திரம், “அழைத்ததற்கு நன்றி” என்று சொல்லி வைத்துவிட்டது.

நிறுவனத்தின் வக்கீல் கெட்ட மனிதர் அல்ல. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “ஐந்து மணிக்குள் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். முதல் மணியிலேயே பதில் தரப்பட்டிருக்கிறது. சட்டத்தில் வேறு எதுவும் இல்லை.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, “அம்மா கொண்டுவந்த சட்டம்தான்” என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மரியாதைக்காகச் சொன்னார். அதுதான் அக்காவுக்குத் தைத்தது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். கணவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ எழுதினப்போ போனை எடுக்கறதுன்னா மனுஷன் எடுக்கறதுதானே?”

“அதான். தண்ணி ஈரமா இருக்கும்னு யாராவது எழுதி வைப்பாங்களா? எழுதணும்னு தோணவே இல்ல.”

அக்கா திருத்தம் கொண்டுவந்தார். ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார்: ‘மனிதர்’. ஐந்து மணிக்குள் மனிதர் ஒருவர் பதில் தர வேண்டும். அதோடு, வழக்கம்போல, சட்டத்துக்கு ஒரு காலாவதித் தேதி.

துறை அமைச்சர் வயதில் இளையவர், படித்தவர், அக்காவிடம் பிரியம் உள்ளவர். தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். “அக்கா, ஆள் எடுத்த காலத்துல எத்தனை பேரு லைன்ல காத்துக் கிடந்தாங்க, உங்களுக்குத் தெரியாததா? இப்ப அந்தக் காத்திருப்பு இல்ல. மெஷினால பிழைச்சவங்க யாரும் கமிட்டிக்கு வந்து சாட்சி சொல்லமாட்டாங்க.”

“உண்மைதான் தம்பி” என்றார். உண்மை என்பதால் அவரால் சண்டை போட முடியவில்லை. லைனில் காத்துக் கிடந்தவர்களின் அழுகையைக் காதால் கேட்டவர் அவர்.

“ரெண்டுல ஒண்ணு கேளுங்க. ரெண்டும் கட்சி ஒத்துக்காது. ‘மனிதர்’ வேணும்னா தேதியை விட்டுடுங்க. தேதி வேணும்னா, ‘மனிதர், அல்லது அதற்கு நிகரான ஏற்பாடு’ன்னு போட்டுக்கறேன்.”

“நிகர்தானான்னு யாரு சொல்றது?”

“அந்தக் கம்பெனியே சான்று கொடுக்கும்.”

அக்கா எழுந்து வந்தார். அன்று இரவு சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். ‘மனிதர்’ என்று எழுதிவைத்தால் நாளைக்கே நல்லது நடக்கும். ஆனால் ‘பதில்’ என்ற சொல்லுக்குள் புகுந்து போனவர்கள் ‘மனிதர்’ என்ற சொல்லுக்குள்ளும் ஒருநாள் புகுந்து போவார்கள். எங்கோ ஓரிடத்தில் ஒரே ஓர் ஆளை உட்காரவைத்து, ஆயிரம் அழைப்புக்கும் அவர்தான் பதில் சொன்னார் என்பார்கள். அப்போது கேட்க இவர் அவையில் இருக்கமாட்டார். தேதி இருந்தால், சட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் கதவு தானாகத் திறக்கும். எல்லாம் சரிதான், தேதி வரும்வரை என்ன செய்வது? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

“எதைச் செஞ்சாலும் உனக்குத் தூக்கம் வராது” என்றார் கணவர். “அதனால எது சரின்னு படுதோ அதைச் செய்.”

“சரின்னு எதுவும் படல. எது கொஞ்சம் குறைச்சலாத் தப்புன்னுதான் பாக்கறேன்.”

தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மசோதா எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. இத்தனை காலம் சிரித்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். “ஒருவழியா உங்க இருமல் மருந்து செல்லுபடி ஆயிடுச்சு” என்று கொறடா கை கொடுத்தார். கருவிகளைத் தொடும் சட்டங்களில் காலாவதித் தேதியோடு வந்த முதல் சட்டம் அது. அமைச்சர் பேசும்போது இவர் பெயரைத்தான் முதலில் சொன்னார். அக்கா எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கக் கேட்டது கையில் வந்திருந்தது. விலை என்னவென்று அந்த அவையில் அவருக்கு மட்டும்தான் உறைத்தது.

மறுநாள் மத்தியானம் தையற்கடைக்கு நடந்தே போனார். தெருவைப் பார்த்த ஒற்றை அறை. மிதி இயந்திரம், வெட்டு மேசை, ஆணியில் தொங்கும் அளவு நாடா. சுவரோரம் ஒரு சாய்வு நாற்காலி, அதன்மேல் தைக்க வந்த துணிகளை அடுக்கி வைத்திருந்தாள்.

“பாஸ் ஆயிடுச்சாமே அக்கா. நியூஸ்ல சொன்னாங்க.”

“ஆயிடுச்சும்மா.”

“இனிமே மனுஷங்கதான் எடுக்கணும்னு வந்துடுச்சா?”

“இல்ல. அது போயிடுச்சு.”

அவள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். “அப்ப என்ன வந்துச்சு?”

“ஒரு தேதி வந்திருக்கு. அந்தத் தேதியில மறுபடியும் எடுத்துப் பாத்தே ஆகணும். தட்டிக்கழிக்க முடியாது.”

“அதுக்குள்ள யாராவது கூப்பிட்டா?”

நிகரான ஏற்பாடு, சான்று, மேற்பார்வை எல்லாம் வாய் வரைக்கும் வந்து நின்றன. அவையில் அடுக்கடுக்காகச் சொன்ன சொற்கள்தான்.

தையற்காரப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. எழுந்து போய் மேசைமேல் ஒரு நீளத் துணியை விரித்தாள். கணவன் இருந்தவரை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள வீட்டிலேயே ஆள் இருந்தது.

“அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க அக்கா” என்றாள்.

அக்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். கத்தரி நிதானமாக ஓடி வந்தது. துணி இரண்டாகப் பிரிந்து, தன் பாதியை எடுத்துக்கொண்டு அவள் இயந்திரத்துக்குத் திரும்பி மிதிக்கத் தொடங்கிய பிறகும், அவர் தன் முனையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.