அம்மாகிட்ட சொல்லு

என் மகள் இனியாவிடமிருந்து முதலில் காணாமல் போனது ‘பஸ்’ என்ற சொல். செந்துறையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு அரியலூர் சாலையை ஒட்டியது. ஒன்றரை வயதிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இரண்டேகால் வயதில் ஒருநாள் பஸ்ஸைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ‘பூனை’ போனது. ‘தா’, ‘வேணாம்’, பக்கத்து வீட்டு அண்ணனின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் போயின. இரண்டரை வயதில் ‘ம்மா’ மட்டும் மிச்சம். அதையும் அழும்போதுதான் சொன்னாள்.

நான் டாக்டர் இல்லை. ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். மணிக்கொரு தடவை, சூளைக்குப் போகும் அரைத்த சுண்ணாம்புக்கல் மாவில் மாதிரி எடுத்து, அதில் சுண்ணாம்பு சரியான அளவில் இருக்கிறதா என்று சோதிப்பது என் தொழில். இம்மி கூடினாலும் குறைந்தாலும் உடனே சொல்லிவிடுவேன். வீட்டில் ஒரு பிள்ளை சொல் சொல்லாக இழந்துகொண்டிருந்ததைக் கண்டுகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. இப்படி ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலாவது உட்கார்ந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேறு அறிகுறிகளும் இருந்தன. சமையற்கட்டுச் சுவரில் பொரிந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டித் தின்றாள். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அங்கன்வாடியில் எடை பார்த்த டீச்சர்தான் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்.

“சார், பாப்பாவுக்கு ரெண்டு மாசமா எடையே ஏறல. பேரு சொல்லிக் கூப்புட்டாலும் திரும்ப மாட்டேங்குது. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வாங்களேன்.”

“எங்க வம்சத்துல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோம் டீச்சர். நானே மூணு வயசுலதான் பேசினேனாம்.”

“நீங்க பேசாம இருந்து பேசுனீங்க. இது பேசிட்டு நிறுத்திடுச்சு.”

சுருக்கென்றது. பேச்சு தாமதமாக வருவது வேறு, வந்த பேச்சு திரும்பிப் போவது வேறு. இரண்டாவதைக் கண்டால் வம்சம், திருஷ்டி என்று எதையாவது சொல்லிக்கொண்டு ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். நான் அதற்குப் பிறகும் மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கும்.

அரியலூர் போய் பஸ் மாறி பெரம்பலூர் போனோம். என் மனைவி சுமதி ஜன்னலோர இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் செவித்திறன் சோதனை. சின்ன அறை ஒன்றில் சத்தங்களை எழுப்பி, குழந்தை எதற்குத் திரும்புகிறது என்று பார்த்தார்கள். அவள் தூங்கும்போது நெற்றியில் ஒயரை ஒட்டி இன்னொரு சோதனையும் செய்தார்கள் (காதில் விழும் ஒலி மூளைவரை போய்ச் சேர்கிறதா என்று அளப்பது). “காது நல்லா கேக்குது” என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காதில் கோளாறு என்றால் பழி காதோடு போயிருக்கும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள்) ஏழரை இருந்தது. அவள் வயதுக்குக் குறைந்தது பதினொன்று வேண்டுமாம். சுவரைத் தின்றதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றார்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பு மண்ணையும் சுண்ணாம்பையும் தேடுமாம். அதற்குப் போய் அவள் விரலில் வேப்பெண்ணெய் தடவியிருந்தோம்.

குழந்தைகள் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டரம்மா கடைசியில் கூப்பிட்டார். நிதானமான பெண்மணி. இனியாவைத் தரையில் கட்டைகளோடு உட்கார வைத்து அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு நிரப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வீட்டுல பாப்பாகிட்ட யார் யார் பேசுவீங்க?”

“ரெண்டு பேரும்தான் மேடம். நாள் முழுக்கப் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

“நேத்து பேசினதுல ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

யோசித்தேன். “‘கேஸ் தீந்துடுச்சாம், அம்மாகிட்ட சொல்லு’ன்னேன்.”

“சரி, வேற?”

“‘நாளைக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு, சாப்பாடு மதியம்தான் வேணும்னு அம்மாகிட்ட சொல்லு’.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சுமதியிடம் திரும்பினார். “நீங்க என்னம்மா பேசினீங்க?”

சுமதி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “‘மனுசின்னு ஒருத்தி இங்க இருக்கான்னு உங்கப்பாகிட்ட சொல்லு’ன்னேன்.”

“இதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது” என்றார் டாக்டரம்மா. “பாப்பாகிட்ட பேசினது என்ன?”

இனியா ஒரு கட்டையை இன்னொன்றின்மேல் வைத்தாள். அது விழுந்தது.

எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனால், நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுவது சகஜம்தான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புகூட வரும். மூன்று நாள், நான்கு நாள் ஓடும், பிறகு தன்னால் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் அது எட்டு மாதம் ஓடியது.

காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். சுமதிக்கு அப்போது வயிற்றில் இரண்டாவது குழந்தை, ஐந்து மாதம். ஒருநாள் காலை எட்டு மணிக்கு வலி கண்டிருக்கிறது. நான் முதல் ஷிஃப்ட்டில் இருந்தேன். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் துணையோடு, இனியாவையும் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து அரியலூர் போயிருக்கிறாள். இரண்டு மணிக்கு நான் லாக்கரைத் திறந்தபோது பதினேழு அழைப்புகள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “போன் லாக்கர்ல இருந்துச்சு, எனக்கு எப்படித் தெரியும்?”

பொய் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எந்த மனுஷனாவது அதைச் சொல்வானா? அன்றோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். எனக்கும் வீம்பு. நான் என்ன தப்புச் செய்தேன் என்று நானும் நிறுத்தினேன்.

இனியாவுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது தாண்டியிருந்தது. “அம்மாகிட்ட சொல்லு” என்றால் குடுகுடுவென்று ஓடுவாள். சமையற்கட்டு வாசலில் நின்று “ம்மா, ப்பா…” என்று ஆரம்பிப்பாள். பத்தடி தூரம், நான் சொன்னது சுமதியின் காதில் ஏற்கனவே விழுந்திருக்கும். அவளுடைய பதில், பதில் சொல்லும் முகம், அந்தக் குரல் எல்லாம் எனக்கானவை. ஆனால் எதிரே நின்றது குழந்தை. அவள் திரும்பி என்னிடம் ஓடி வருவாள். இங்கே என் முகம். இரண்டு பேரின் கோபத்தையும் முகத்துக்கு நேரே வாங்கிக்கொண்டது அவள் ஒருத்திதான். மெல்ல மெல்ல ஓடுவதை நிறுத்தினாள். நடு அறையிலேயே நின்றாள். பிறகு சொற்களையும் நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இதுதான் காரணம்னு எதையும் ஒத்தையா கை காட்ட முடியாது” என்றார். “ரத்தம் ஒரு பக்கம், தூக்கம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். ஆட்டிசம் (பேச்சிலும் பழகுவதிலும் வித்தியாசமாக அமையும் மூளை வளர்ச்சி) இருக்கான்னும் தொடர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கணும். இன்னைக்கு ஒரே நாள்ல சொல்லிட முடியாது.”

கார்டிசால் (நெருக்கடியில் உடம்பு சுரக்கும் நீர்) பற்றியும் சொன்னார். திடீர் பயத்துக்கு அது சுரந்து அடங்கினால் நல்லதாம். நாள்கணக்கில் அடங்காமல் இருந்தால் சின்னப் பிள்ளையின் தூக்கத்தை, பசியை, கற்றுக்கொள்வதை எல்லாம் கெடுக்குமாம். பெரியவர்கள் சண்டையில் என்ன பேசுகிறார்கள் என்பது புரியாத வயதிலும் உடம்புக்குப் புரிந்துவிடும் என்றார்.

சுமதிக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அவளுக்கும் குறைவுதான். “நீங்க தூங்குறீங்களாம்மா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். சுமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். எட்டு மாதத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மனநல ஆலோசனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும்போது சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னு நான் மருந்துச் சீட்டுல எழுதித் தர முடியாது. ஆனா பாப்பா வழியா ஒரு வார்த்தை போகக் கூடாது.”

அந்த விதியை நாங்கள் காப்பாற்றினோம். விளைவு, வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. அதுவரை சண்டையாவது ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கரண்டி சத்தம், குக்கர் சத்தம், அவ்வளவுதான். என் வாழ்நாளில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. மூன்று பேர் இருந்த வீட்டில் மூன்று பேரும் ஒண்டிதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பக்கத்து அறையில் இருப்பவளுக்கு வாட்ஸ்அப்பில் ‘பால் வாங்கவா’ என்று அனுப்பினேன். ‘சரி’ என்று வரும். ஒருநாள் ‘சரி’யோடு ஒரு புள்ளியும் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம்வரை மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இரும்புச் சொட்டு மருந்தை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தோம். பாலோடும் டீயோடும் கொடுத்தால் உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும். பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தினமும் இருபது நிமிடம் நான் அவளோடு தரையில் உட்கார வேண்டும், அவள் பார்ப்பதைப் பார்த்து, அவள் செய்வதைச் சொல்ல வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. இது பயிற்சி. “டப்பா. டப்பாவைத் திறக்குற. மூடுற.” முதல் வாரம் பைத்தியக்காரன்போல் இருந்தது. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என்னிடம் பேசுவதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை. இத்தனை நாள் அவள் வழியாகத்தானே பேசியிருக்கிறேன், அவளிடம் இல்லையே.

இரண்டாம் மாதம் சுவரைச் சுரண்டுவது நின்றது. ஒருநாள் டப்பாவைத் திறந்தேன். “இல்ல” என்றாள். மூடியை என் கையிலிருந்து பிடுங்கித் தானே திறந்தாள். நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுமதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘அன்னைக்கு எத்தனை தடவ கூப்புட்டேன் தெரியுமா’. பதில் அடிக்கத் தொடங்கினேன். பிறகு போனை வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனேன்.

“பதினேழு” என்றேன். “எண்ணுனேன் சுமதி. மறுநாள் அழிச்சிட்டேன். பாக்க முடியல.”

அவள் அடுப்பை அணைத்தாள். “எனக்குப் பயமா இருந்துச்சுங்க. பாப்பா வேற அழுவுது. ரத்தமா போவுது. நீங்க வந்து லாக்கரைப் பத்திப் பேசுறீங்க.”

“தப்புதான்.”

“அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“பேச வரல” என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இருவரும் அழுதோம். அன்று எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அவள் ஆலோசனைக்குப் போய்வந்தாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். இப்போதும் சில இரவுகளில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுக்கிறாள். அதில் கொஞ்சம் எனக்காக, மீதி அந்தக் குழந்தைக்காக என்று இப்போது புரிகிறது.

இனியாவுக்கு இப்போது மூன்றே முக்கால் வயது. ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது. ஆட்டிசம் இல்லை என்று போன சோதனையில் சொன்னார்கள். பேச்சில் தன் வயதுப் பிள்ளைகளுக்குச் சில மாதம் பின்னால்தான் இருக்கிறாள். எட்டிப் பிடிப்பாள் என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் எட்டு மாதத்தை எட்டு மாதமாகவே யாரும் திருப்பித் தரமாட்டார்கள். எனக்கு அது ஒரு சண்டையின் நீளம். அவளுக்கோ வாழ்ந்த காலத்தில் ஒரு பெரும்பகுதி.

போன மாதம் ஒரு சாயங்காலம், கரண்ட் இல்லை. சுமதியும் நானும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். சண்டை எதுவும் இல்லை. அசதியும் இருந்தது, காற்றும் நன்றாக இருந்தது, இருவருக்கும் பேசத் தோன்றவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. உள்ளே கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த இனியா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். சுமதியின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து எங்கள் நடுவில் நின்றாள்.

“ப்பா, அம்மாகிட்ட என்ன சொல்லணும்?” என்றாள்.

“ஒண்ணுமில்லடி தங்கம், சும்மா உக்காந்திருக்கோம்” என்றாள் சுமதி. இனியா நம்பவில்லை. வேலைக்குக் காத்திருப்பவளைப்போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதெல்லாம் வீட்டில் ஒரு நிமிடம் பேச்சு நின்றால் என் உடம்பு அதை ஒரு ஷிஃப்ட் நேரமாக உணர்கிறது.

நான் சுமதி பக்கம் திரும்பி, கேண்டீனில் மதியம் போட்ட சாம்பாரில் உப்பே இல்லாததைப் பற்றி ஆரம்பித்தேன். சுமதிக்குப் புரிந்துவிட்டது. “அப்புறம் எப்படிச் சாப்புட்டீங்க?” என்று கேட்டாள். இனியா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். கட்டைகளின் சத்தம் மறுபடி கேட்டது. சாம்பாரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.