மச்சானுக்குக் காது குத்திய அன்று

ஜமைக்கா என்று ஒரு தீவு இருக்கிறதாம். கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் போன லீவில் வந்தபோது போனில் ஒரு ஆளைக் காட்டினான். கறுப்பாக, வாட்டசாட்டமாக, எங்கள் தெரு ஆள் மாதிரியே இருந்தான். ஒரு பக்கம் ரெக்கார்டு ஓடுகிறது, இவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே படபடவென்று பேசுகிறான், பாடுகிறான், எதிரில் நிற்பவனை வம்புக்கு இழுக்கிறான். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கியிருக்கிறார்கள், ஊரே ஆடுகிறது. அங்கே இதற்கு டான்ஸ்ஹால் என்று பெயராம். இந்த ஆள் ஊர் ஊராகப் போய் மற்ற செட்டுக்காரர்களோடு மோதி ஜெயித்தவனாம். மகன் சொல்லிக்கொண்டே போனான், எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதத்தான்டா உன்னப் பெத்தவ நான் முப்பது வருஷம் பண்ணினேன்" என்றேன். அவன் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தற்பெருமை கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வதே அடக்கத்தில்தான். பன்னிரண்டு வயதில் நடவுக்கு இறங்கினேன், பதினாறு வயதில் எங்கள் செட்டுக்கு நான்தான் முன்பாட்டு. நடவில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் தன்னானே என்று வாங்கிப் பாடுவார்கள், கை அந்தத் தாளத்துக்குத் தானாக நடும். பாட்டு ஓடினால் கையும் ஓடும். வரப்பில் எவராவது வந்துவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். அவர் காலுக்கு முன்னால் ஒரு நாற்றுக் கட்டை, நாங்கள் முடி என்போம், வைத்து மறித்துவிடுவோம். அவரைப் பற்றி அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவேன். வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கொடுத்தால்தான் வழி. நாற்றைத் தாண்டிப் போக யாருக்கும் மனசு வராது. ஒரு தடவை மணியக்காரர் மாட்டிக்கொண்டார்.

"வெயிலே இல்ல குடை எதுக்கு
வெள்ள வேட்டி சேறு பாத்து
நாத்து முடி கேக்குதய்யா
நாலு வெத்தல வச்சுப் போங்க"

மனுஷர் குடையை மடக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மைக் கைக்கு வந்தது என் மச்சானால். என் அத்தை மகன். தெருவில் மைக் செட் வைத்திருந்த ஒரே ஆள்: ஒரு ரெக்கார்டு பெட்டி, ஒரு பேட்டரி, இரண்டு குழாய் ஸ்பீக்கர். அப்பா காலத்திலிருந்தே கறுப்புச் சட்டைக் குடும்பம். சாமி கிடையாது, சடங்கு கிடையாது, கல்யாணத்துக்கு வேண்டுமென்றே ராகுகாலத்தில்தான் குழாய் கட்டுவார். சினிமாப் பாட்டில் நடுவே வெறும் வாத்தியம் மட்டும் வருமே, அந்த இடத்தில் ஒருநாள் நான் மைக்கை வாங்கி, பந்தியில் மூன்றாவது தடவை உட்கார்ந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பற்றி நாலு வரி எடுத்துவிட்டேன். பந்தல் அதிர்ந்தது. அதற்கப்புறம் என்னைக் கூப்பிடாத கல்யாணம் இல்லை. மாயவரத்துப் பக்கம் ஒரு திருவிழாவில் தெருவின் அந்தக் கோடியில் வேறொரு செட்டுக்காரர் எங்களைவிடச் சத்தமாக வைத்தார். அவருடைய ஒடுங்கின குழாயையும் கீறல் விழுந்த ரெக்கார்டையும் வைத்து நான் ஆரம்பித்தேன். அரைமணி நேரத்தில் கூட்டம் மொத்தமும் எங்கள் பக்கம். கட்சிக்காரர்களும் கூப்பிட்டார்கள். ஆண்ட கட்சிக்கும் பாடினேன், ஆளப் போகிற கட்சிக்கும் பாடினேன். அடுக்குமொழி ஒன்றுதான், வேட்டிக் கரையின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்வேன். மேடையில் பேசுகிறவர்கள் பாலம் கட்டித் தருகிறேன், பட்டா வாங்கித் தருகிறேன், மறுபடியும் வருகிறேன் என்பார்கள். நான் கைதட்டச் சொல்வேன்.

இப்படி நான் தரையில் கால் பாவாமல் திரிந்த நாளில்தான் கூலிச் சண்டை வந்தது. நடவுக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டோம். தெருவில் சிவப்புக்கொடி ஏறியது. மிராசுதார் முடியாது என்றார், நாங்கள் வயலில் இறங்கவில்லை. எங்கள் குடிசைகள் நின்றது அவருடைய மனைக்கட்டில். தோற்றால் கூலி மட்டும் போகாது, தெருவே காலி. கூலி கேட்ட தெருக்களுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண்கள் பிள்ளைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தோம்.

மிராசுதார் லாரியில் ஆள் இறக்கினார். நாங்கள் கடைமடை, தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். மேற்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் நடவு முன்னாலேயே முடிந்துவிடும். அங்கே வேலை முடிந்து சும்மா இருந்த பெண்களை நாற்பது பேர் போலக் கொண்டுவந்துவிட்டார். மூன்று நாளில் நட்டுவிடுவார்கள், நட்டுவிட்டால் எங்கள் சங்கதி முடிந்தது. போய்ப் பேசலாம் என்றால் வரப்பில் போலீஸ். கூட்டம் போடக்கூடாது, கோஷம் போடக்கூடாது, நாலு பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்று உத்தரவு.

மச்சான்தான் வழி கண்டுபிடித்தார். கூட்டத்துக்குத்தானே தடை, விசேஷத்துக்கு இல்லையே. காதுகுத்து என்று எழுதிக் கொடுத்தால் மைக் செட்டுக்கு அனுமதி உண்டு. எல்லோரும் குதித்தோம். அப்புறம் தெரு முழுக்கத் தேடினோம், குத்தாத காது ஒன்றுகூட இல்லை. கைக்குழந்தைகளுக்குக்கூட ஆடியிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். கடைசியில் எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. கறுப்புச் சட்டைக் குடும்பத்தில் பிறந்த மச்சானின் காது இரண்டும் பிறந்தபடியே இருந்தன.

அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கொள்கை என்று ஆரம்பித்தார். அரைப்படி நெல் என்று நான் முடித்தேன். ஸ்டேஷனுக்குப் போய், பொய் சொல்லமாட்டேன் என்று, வயது இருபத்தெட்டு என்றே எழுதிக் கொடுத்தார். ஏட்டு அதை மாதக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு முத்திரை குத்திவிட்டார்.

மறுநாள் காலையில் வாய்க்கால் கரைத் தென்னையில் இரண்டு குழாயையும் கட்டினோம், இரண்டும் வயலைப் பார்த்து. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் லாரியில் வந்த பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். முறைப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மச்சானுக்குத் தாய்மாமன் என் அப்பா. அப்பா ஒல்லி, மச்சான் எழுபது கிலோ, மீசை வேறு. கறுப்புச் சட்டையோடு மாலை போட்டு அவர் மடியில் உட்கார்ந்தபோது, வரப்பில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பத்தர் ஊசியை இறக்கினார். மச்சான் போட்ட கத்தல் பக்கத்தில் இருந்த மைக்கில் பிடித்து இரண்டு குழாயிலும் போய் அடுத்த ஊர்வரைக்கும் கேட்டது. வயலில் நாற்பது பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் மைக்கை எடுத்தேன்.

நடவுப் பாட்டைத்தான் எடுத்தேன். அவர்கள் பாடிக்கொண்டிருந்த அதே மெட்டு, அதே வேகம். இரண்டு குழாய்க்கு முன்னால் அவர்களுடைய முன்பாட்டு எம்மாத்திரம், மூன்றாவது அடியில் எல்லோரும் என் பாட்டுக்குத் தன்னானே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டுமென்று சொல்லவில்லை, பழகின வாய். நான் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தேன்.

"மேக்கேருந்து வந்த அக்கா
மெதுவா நடுங்க இடுப்பு நோகும்"

கைகளும் குறைந்தன. இன்னும் இழுத்தேன். ஒரு நாற்றை ஊன்றிவிட்டு அடுத்ததற்குக் கை போக ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. மிராசுதாரின் காரியஸ்தர் வரப்பில் குதியாய்க் குதித்தார். பாடாமல் நடுங்கள் என்றார், பாடாமல் வராது என்றார்கள். போலீஸ்காரரிடம் ஓடினார், காதுகுத்துக்கு அனுமதி இருக்கிறது என்று அவர் கையை விரித்தார். அவருடைய பூட்ஸ் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எனக்கு வெறி பிடித்த மாதிரி சந்தோஷம். இவ்வளவு பெரிய வயலை, இத்தனை கைகளை, என் தொண்டை பிடித்து இழுக்கிறது. என்னை மிஞ்ச ஆளில்லை என்று அந்த நிமிஷம் நிச்சயமாக நம்பினேன்.

அப்போது ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள். நாற்பது வயது இருக்கும், முழங்கால்வரை சேறு, இடுப்பில் சேலையை வரிந்து கட்டியிருந்தாள். அவர்களுடைய முன்பாட்டு அவள்தான். மைக் இல்லை, குழாய் இல்லை, வாய்க்கால் தண்ணீர்மேல் அவள் குரல் அப்படியே வந்தது.

"மெதுவா நட்டா கூலி யாரு தருவா
மேளம் கட்டிப் பாடுற பொண்ணே
உங்க ஊருல அரைப்படி கேட்டீங்க
எங்க ஊருல கேக்க யாரு இருக்கா"

நாற்பது பேரும் தன்னானே என்றார்கள். இப்போது அவர்கள் அவளுக்குச் சொன்னார்கள்.

என்னிடம் வரி இல்லை. குடைக்கு வரி இருந்தது, ஒடுங்கின குழாய்க்கு இருந்தது, இதற்கு இல்லை. வெட்கமாக இருந்தது. அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை யோசிக்காமல்தான் இத்தனை நேரமும் பாடியிருக்கிறேன். அப்புறம் பாட்டும் இல்லாமல் மெட்டும் இல்லாமல் வெறுமனே பேசினேன்.

"அக்கா, உங்க ஊருக்கு நான் வர்றேன். இந்தக் குழாயோட வர்றேன். இன்னைக்கு நீங்க கரையேறுங்க, சோறு ஆக்கி வச்சிருக்கோம்."

அவள் கையில் இருந்த நாற்று முடியை எடுத்துக் காரியஸ்தர் காலுக்கு முன்னால் வரப்பில் வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். வரப்பு பச்சையாகிவிட்டது. காரியஸ்தர் தாண்டவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றார். வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டு நாற்பது பேரும் எங்கள் பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். மச்சான் சிவந்த காதோடு சாம்பார் ஊற்றினார். அன்று சாயங்காலமே மிராசுதார் வீட்டிலிருந்து பேச ஆள் வந்தது, அரைப்படியும் வந்தது. நாங்கள் ஆடினோம் பாருங்கள், என் அப்பா மடி வலியையும் மறந்து ஆடினார். ஆறு மாதத்தில் எனக்கும் மச்சானுக்கும் கல்யாணம், தாலி இல்லாமல். ஆனால் அன்று காதில் போட்ட கடுக்கனை மட்டும் அவர் கழற்றவே இல்லை.

மைக்கில் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டு ஊர் கேட்டிருக்கிறது. அடுத்த குறுவை நடவுக்கு மேற்கே தண்ணீர் வந்ததும் கிளம்பினோம். பஸ் மேலே குழாயைக் கட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து வழியெல்லாம் வரி கட்டினேன், நாற்பது வரி. ஒவ்வொன்றும் தேன். மச்சானுக்குச் சொல்லிக் காட்டினேன், கண்டக்டர் விசில் ஊத மறந்தார். அந்த ஊரில் அரைப்படி கிடைக்க அப்புறமும் இரண்டு போகம் ஆயிற்று, அதற்குள் மூன்று தடவை போனோம். ஆனால் என் மனசில் நிற்பது முதல் தடவைதான்.

அவர்கள் தெருவில் ஒரு தென்னையில் குழாயைக் கட்டி முடித்து நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு எதிர்ப்பாட்டுப் பாடிய அந்த அக்கா வயலிலிருந்து கரையேறி வந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். என்னைப் பார்த்தாள், தென்னையில் இருந்த குழாயைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மைக்ல வர்றேன்னு சொன்னவங்க யாரும் இதுவரைக்கும் வந்ததில்ல" என்றாள்.

நாற்பது வரியும் எங்கே போயிற்றோ தெரியாது. மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, மற்ற பெண்களோடு தன்னானே சொல்லப் போய் நின்றேன்.