ஹாரனுக்கு ஓடு

நன்றாகப் பழுத்த அன்னாசியை வெயிலில் போட்டு நசுக்கினால் ஒரு வாசனை வருமே, அது எங்கள் தெருவுக்குள் காற்றிலேயே வரும். செம்மங்குப்பம் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனிகளில் ஏதோ ஒன்று விடுகிற காற்று; எது என்று கேட்டால் எவனும் வாயைத் திறக்க மாட்டான். ஐஸ்காரர் பெட்டியைத் திறந்தாலும் அதே வாசனை அடிக்கும் என்பதால், பிள்ளைகள் நாங்கள் அதற்கு "ஐஸ் காத்து" என்று பெயர் வைத்திருந்தோம். குளிர்ச்சி பெயரில்தான். மூக்கில் ஏறினால் தொண்டை எரியும்.

பால் ஐஸும் சேமியா ஐஸும் விற்கும் பாய், சைக்கிளில் மரப்பெட்டி கட்டி, ரப்பர் ஹாரனை "பாம் பாம்" என்று அமுக்கிக்கொண்டு வருவார். அதனால் தெருவில் தாய்மார் எல்லோருக்கும் ஒரே பாட்டு: "வாசனைக்கு ஓடாத, ஹாரனுக்கு ஓடு." பாயும் விடமாட்டார்: "ஹாரன் அடிக்கறதுக்கு முன்னாடி மகாராஜாவே வந்து நின்னாலும் ஐஸ் கெடையாது."

என் தங்கை மலருக்கு அப்போது பள்ளிக்கூட வயதுகூட ஆகவில்லை. ஒரு கோடை மத்தியானம் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது, "ஐஸு!" என்று கத்திக்கொண்டு அவள் ரோட்டுக்கு ஓடிவிட்டாள். நாங்கள் பின்னால் ஓடிப் பார்த்தால், ரோடு முழுக்கக் கம்பெனியிலிருந்து வந்த வெள்ளைப் புகை. உள்ளே அவள் இருமுவது மட்டும் கேட்டது, ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். அம்மா ஈரப் புடவையை முகத்தில் சுற்றிக்கொண்டு "மலரு! மலரு!" என்று அலறியபடி புகைக்குள் பாய்ந்தாள். நான் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டேன். பிறகு இருமலும் நின்றுபோனது. அந்த அமைதிதான் இன்றும் என்னைத் தூக்கத்தில் உலுக்கி எழுப்புகிறது.

அப்போது புகைக்கு அந்தப் பக்கம் "பாம் பாம்" என்று கேட்டது. பாய் நிறுத்தாமல் அடித்தார். "இங்க வா கண்ணு, ஐஸ் தரேன், சத்தத்துக்கு வா!"

மலர் ஹாரனுக்கு ஓடினாள். அம்மாவும் அதே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பாய் பெட்டியை ரோட்டில் தள்ளிவிட்டு, அவளைச் சைக்கிளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கடலூர் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். ஐஸெல்லாம் தார் ரோட்டில் உருகி ஓடியது. ஒரு பிள்ளை தொடவில்லை.

மலர் பிழைத்தாள். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தோம். போன வாரம் அவளையும் அவள் மகளையும் அங்கே ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப் போனேன். சின்னது போனில் பார்த்துப் படித்தது: "மாமா, இத்தாலில நடந்துக்கிட்டே தின்னுவாங்களாம். சிங்கப்பூர்ல பிரெட்டுக்குள்ள வெச்சுத் தின்னுவாங்களாம். எங்கம்மா மட்டும்தான் நாய் மாதிரி மோந்து பாத்துட்டு வெச்சிடுது." மலர் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இன்னும் அப்படித்தான் முடிகிறது.

பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சைக்கிளும் இல்லை. எங்கள் தெருவில் இப்போது ஃப்ரிட்ஜ் வைத்த கடை, கண்ணாடி மூடிக்கடியில் எல்லா நிறத்திலும் ஐஸ்கிரீம். காற்று மட்டும் அன்றைக்கு வந்த மாதிரியே இன்றைக்கும் வருகிறது. பிள்ளைகளும் தெருவில்தான் விளையாடுகிறார்கள். புகை மூடினால் அவர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள்? ஹாரன் அடிக்க அங்கே ஆள் இல்லை.