பாதிக் குரல்

புதனும் வெள்ளியும் காலையில் கோவளத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொயர், அதாவது சேர்ந்திசை, சொல்லிக்கொடுக்கிறேன். முகூர்த்த நாட்களில் மாலையானால் மாமல்லபுரம் ரிசார்ட்டுகளில், கல்யாண வரவேற்புகளில் பாடுகிறேன். எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் உச்சஸ்தாயிப் பாட்டெல்லாம் என் தலையில்தான் விழும். அதனால் தொண்டையைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வேன். போன வருடம்வரை பள்ளியில் பாதிக் குரலில்தான் பாடிக் காட்டுவேன். மேல் ஸ்தாயி வரும் இடத்தில் இரண்டு விரலால் தொண்டையைத் தொட்டுக்கொண்டு மெல்ல இழுத்துவிடுவேன். சுருதி சரியாக இருந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைப்பு. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள்.

போன வருடம் செங்கல்பட்டில் மாவட்டப் போட்டி. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்கு ரயிலில் திருச்சி போகலாம். பையில் என்னென்ன எடுத்துவைப்பது என்பதுவரை இருபது பேரும் பேசி முடித்திருந்தார்கள். சேர்ந்திசைக்கு மைக் கிடையாது என்று விதி. மேடையில் ஒரு சுருதி பிசகவில்லை. ஆனால் இரண்டாவது வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்கவும் இல்லை. சரணத்தில் இருபது பேரும் ஒன்றாக இரண்டு விரலால் தொண்டையைத் தொட்டார்கள்.

"காலைல யாரும் சாப்பிடலையா?" என்றார் நடுவர். ஹாலே சிரித்தது. எங்களுக்கு மூன்றாம் இடம்கூட இல்லை.

திரும்பி வரும்போது வேனில், அந்த ஹாலே சரியில்லை, ஃபேன் சத்தம் வேறு என்று திட்டிக்கொண்டே வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பள்ளி வாசலில், முதல் வரிசையில் நின்று பாடிய ஏழாம் வகுப்புப் பெண்ணின் அம்மா காத்திருந்தார். மீன் விற்பவர். சேதி அதற்குள் போனில் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

"இன்னா மிஸ், இவ வூட்ல கத்துனா கடலாண்ட வரைக்கும் கேக்குது. மேட ஏறுனா மட்டும் வெறும் காத்து வருதாமே?"

அந்தப் பெண்ணுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மிஸ் அப்டித்தாம்மா பாடுவாங்க. நான் மிஸ் மாதிரியேதான் பாடுனேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். மாலை மாமல்லபுரத்தில் பெரிய இடத்து வரவேற்பு. ஆனாலும் காலையில் வகுப்பில் நின்று அதே பாட்டை முழுக் குரலில் பாடினேன். ஒரு தடவை அல்ல, பிள்ளைகளின் வாய் நன்றாகத் திறக்கும்வரை, ஏழெட்டுத் தடவை. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இம்மாம் பெரிய குரல் இருக்குதா மிஸ்? அப்பறம் ஏன் எங்களாண்ட மட்டும் பாடல?"

வெட்கமாக இருந்தது.

மாலையில் மூன்றாவது பாட்டிலேயே உச்சியில் குரல் உடைந்தது. எங்கள் குழுவை நடத்தும் கீபோர்டு அண்ணன் இடைவேளையில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, குரல எங்க வுட்டுட்டு வந்த?"

"கோவளத்துலண்ணா," என்றேன். "இனிமே புதன், வெள்ளில மேல் ஸ்தாயிப் பாட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

சொன்ன பிறகுதான் அந்தப் பாட்டுகளுக்கு வரும் பணம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.